மெதுவான கணினிக்கு எந்த இலவச மருந்து? முதலில் வன்தட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுப் போய், ஒரு தே தாரேக் கலக்கி, ஆற அமரக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் புலம்பல் கேட்காத வீடு கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டா? வாங்கிய புதிதில் சிட்டாகப் பறந்த கணினி, நான்கைந்து ஆண்டுகளில் மாட்டுவண்டியாகிவிடுகிறது.

அப்போது யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: "டிஃப்ராக் செய்து பாருங்கள், சரியாகிவிடும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது." உடனே தேடுகிறோம். முதலில் கண்ணில் படும் பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். ஏதோ ஒன்று கணினிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். அந்த வன்தட்டுக்குள் இருப்பது வெறும் விண்டோஸ் மட்டுமல்ல. பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் படங்கள், மறைந்த பெரியவர்களின் காணொளிகள், கோயில் கணக்குகள், பள்ளித் தேர்வுத்தாள்கள், வருடி எடுத்து வைத்த பிறப்புப் பத்திரங்கள், எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன. விண்டோஸ் போனால் மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். மற்றவை போனால் போனதுதான்.

ஆகவே எந்த இலவச மென்பொருள் நல்லது என்பது மூன்றாவது கேள்வி. உங்கள் தட்டு எந்த வகை என்பது முதல் கேள்வி. அது நலமாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. இந்த வரிசை மாறினால், மருந்தே நோயாகிவிடக்கூடும்.

தட்டுக்குள் என்ன சிதறுகிறது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் காலியாக இருக்கும்போது பத்துப் பேர் கொண்ட குடும்பம் வந்தால் ஒரே மேசையில் சேர்ந்து உட்காரலாம். பரிமாறுபவருக்கும் வேலை சுலபம். ஓரிடத்தில் நின்று பத்து இலைக்கும் சாம்பார் ஊற்றிவிடுவார். கூட்டம் நிறைந்த பிறகு அதே குடும்பம் வந்தால் என்ன ஆகும்? இங்கே ஒரு நாற்காலி, அங்கே இரண்டு, மூலையில் மூன்று என்று பிரிந்துதான் உட்கார வேண்டும். பரிமாறுபவர் வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓட வேண்டும்.

வன்தட்டிலும் நடப்பது இதுதான். கணினி ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அதைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து வைக்கிறது. இன்றைய விண்டோஸில் ஒரு கட்டம் பெரும்பாலும் 4 கிலோபைட். 5 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படத்துக்கு 1,280 கட்டங்கள் வேண்டும். தட்டு காலியாக இருந்தால் அவை அடுத்தடுத்து அமர்ந்துவிடும். நாம் தினமும் சிலவற்றை அழிக்கிறோம், சிலவற்றைச் சேர்க்கிறோம். இடையிடையே சின்னச் சின்ன இடைவெளிகள் விழுகின்றன. புதிய கோப்பு அந்த இடைவெளிகளில் துண்டு துண்டாகப் போய் உட்காருகிறது. இதற்குப் பெயர் சிதறல். துண்டுகளை மறுபடியும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் வேலைதான் சிதறல் நீக்கம், அதாவது டிஃப்ராக்.

பழைய வகை வன்தட்டுக்குள் உண்மையாகவே வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினியில் பொதுவாக நிமிடத்துக்கு 7,200 சுற்று. மடிக்கணினியில் பெரும்பாலும் 5,400 சுற்று. தட்டின் மேல் மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில் ஒரு முனை முன்னும் பின்னும் நகர்ந்து படிக்கிறது. கல்யாண மண்டபத்தில் பரிமாறுபவர் இந்த முனைதான்.

ஒரு சின்னக் கணக்கு

7,200 சுற்று வேகத்தில் தட்டு ஒருமுறை சுழல 8.3 மில்லி வினாடி ஆகிறது. வேண்டிய இடம் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் ஏறக்குறைய 9 மில்லி வினாடி. மொத்தம் 13 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது 50 மெகாபைட் கோப்பு ஒன்றைத் திறக்கிறீர்கள். தட்டு வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கக்கூடியது. கோப்பு ஒரே துண்டாக இருந்தால் அரை வினாடியில் திறந்துவிடும். அதே கோப்பு 500 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் 13 மில்லி வினாடி அலைச்சல். 500 முறை அலைந்தால் 6.5 வினாடி. அரை வினாடி வேலை ஏழு வினாடியாகிவிட்டது! கணினி தொடங்கும்போது இப்படிப் பல கோப்புகளைத் திறக்க வேண்டியிருப்பதால் காத்திருப்பு நிமிடக் கணக்கில் நீள்கிறது.

எஸ்.எஸ்.டி. என்றால் கதையே வேறு

கடந்த பத்தாண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டே இல்லை. அவற்றில் இருப்பது எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லு வகை. அதில் சுழலும் பாகமும் இல்லை, நகரும் முனையும் இல்லை. எந்தக் கட்டத்தைக் கேட்டாலும் ஏறக்குறைய 0.1 மில்லி வினாடியில் எடுத்துத் தந்துவிடும். மேலே பார்த்த 500 துண்டுக் கோப்பு இதில் இருந்தால் கூடுதல் அலைச்சல் வினாடியில் இருபதில் ஒரு பங்குதான். மனிதக் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியானால் எஸ்.எஸ்.டி.யில் டிஃப்ராக் செய்தால் என்ன கெட்டுப்போகும்? இலாபம் இல்லை, நட்டம் உண்டு. எஸ்.எஸ்.டி.யின் ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை முறைதான் எழுத முடியும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. சிதறல் நீக்கம் என்பது கோப்புகளை எடுத்து மறுபடியும் எழுதும் வேலை. பயனில்லாமல் எழுதி எழுதி அதன் ஆயுளைக் குறைப்பானேன்?

எஸ்.எஸ்.டி.க்கு வேண்டியது 'டிரிம்' என்ற வேறொரு பராமரிப்பு. அழிக்கப்பட்ட கோப்புகளின் இடங்கள் இனி தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கும் வேலை அது. விண்டோஸ் 7 வந்த 2009-ஆம் ஆண்டிலிருந்தே இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. நீங்கள் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

உங்களுடையது எந்த வகை?

கணினியைத் திருகாணி கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. விண்டோஸ் 8, 10, 11 ஆகியவற்றில் 'ஸ்டார்ட்' பகுதியில் 'டிஃப்ராக்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்ற பெயர் வரும். அதைத் திறந்தால் ஒரு பட்டியல் தெரியும். அதில் 'மீடியா டைப்' என்ற பத்தியைப் பாருங்கள். 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்' என்றிருந்தால் சுழலும் தட்டு. 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்றிருந்தால் எஸ்.எஸ்.டி. ஒரே கணினியில் இரண்டும் இருக்கக்கூடும். சி டிரைவ் எஸ்.எஸ்.டி.யாகவும் டி டிரைவ் சுழலும் தட்டாகவும் இருப்பது சாதாரணம்.

எஸ்.எஸ்.டி. என்று தெரிந்துவிட்டால் டிஃப்ராக் மென்பொருள் தேடும் வேலை அங்கேயே முடிந்தது. மெதுவுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தட்டு நலமாக இருக்கிறதா?

சுழலும் தட்டு என்றாலும் உடனே டிஃப்ராக் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. கணினி மெதுவாவதற்குச் சிதறல் ஒரு காரணம். தட்டு சாகும் தறுவாயில் இருப்பது இன்னொரு காரணம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கெட்டுப்போன கட்டத்தைத் தட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தடுமாறும்போதும் கணினி உறைந்து நிற்கும்.

இந்த நிலையில் உள்ள தட்டில் பல மணி நேரம் டிஃப்ராக் ஓட்டுவது, நெஞ்சுவலி வந்தவரைப் பத்துமலைப் படியில் ஏறச் சொல்வதைப் போன்றது. முனை ஓயாமல் ஓட வேண்டும், தட்டு சூடாகும், இன்னும் ஒரு மாதம் தாங்கக்கூடியது அன்று இரவே நின்றுபோகலாம்.

தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன. 'ஸ்மார்ட்' என்று இதற்குப் பெயர். அதைப் படித்துச் சொல்ல 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜப்பானிய நிரலாளர் ஒருவர் உருவாக்கியது. நீல நிறத்தில் 'குட்' என்று வந்தால் நல்லது. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் எச்சரிக்கை. சிவப்பில் 'பேட்' என்று வந்தால் ஆபத்து. 'ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்', 'கரன்ட் பென்டிங் செக்டார்' என்ற இரண்டு வரிகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், தட்டு கெட்டுக்கொண்டு வருகிறது என்று பொருள். நீல நிறம் நூற்றுக்கு நூறு உத்தரவாதமல்ல. ஆனால் மஞ்சளையோ சிவப்பையோ பார்த்துவிட்டு டிஃப்ராக் செய்யவே கூடாது. 'டிக் டிக்' என்று வழக்கத்தில் இல்லாத சத்தம் கேட்டாலும் அப்படியே. முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். பிறகு தட்டை மாற்றுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தவறுதலாக ஏதாவது படத்தை அழித்துவிட்டு, அதை மீட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். அழித்த படம் உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் இடம் காலி என்று மட்டுமே குறிக்கப்படுகிறது. டிஃப்ராக் செய்தால் அந்தக் காலியிடத்தில் வேறு கோப்பு வந்து உட்கார்ந்துவிடும். பிறகு எந்த நிபுணராலும் மீட்பது கடினம்.

முதலில் பிரதி, பிறகு பராமரிப்பு

2021 டிசம்பர் 18-ஆம் தேதி தொடங்கிய பெருவெள்ளத்தை ஷா ஆலாம், கிள்ளான் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுக்க நீர் ஏறியது. மேசைக்கு அடியில் கணினி வைத்திருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். கணினியின் பக்கத்திலேயே காப்புப் பிரதியை வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்துதானே நனையும்?

எனவே காப்புப் பிரதி ஒன்று வீட்டிலும், இன்னொன்று வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். வெளிப்புறத் தட்டு ஒன்றில் எடுத்து உறவினர் வீட்டில் வைக்கலாம். முக்கியமானவற்றை மட்டும் இணையச் சேமிப்பில் ஏற்றலாம். வெள்ளத்தில் நனைந்த தட்டை, வேலை செய்கிறதா என்று பார்க்க மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு. யூனிகோட் பரவுவதற்கு முன்பு நம் நாட்டில் பலரும் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களைக் கொண்டு, அவற்றுக்குரிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். கோயில் மலர், பள்ளி ஆண்டிதழ், சங்கக் கூட்டக் குறிப்பு என்று அப்படி எழுதிய ஆவணங்கள் ஏராளம். கோப்பை மட்டும் படியெடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய கணினியில் திறக்கும்போது அர்த்தமில்லாத குறிகள்தான் தெரியும். பழைய கணினியிலிருந்து ஆவணங்களை எடுக்கும்போது 'ஃபான்ட்ஸ்' கோப்புறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது

இவ்வளவும் பார்த்தாயிற்று. தட்டு சுழலும் வகைதான், நலமாகத்தான் இருக்கிறது, பிரதியும் எடுத்தாகிவிட்டது. இப்போது எந்த மென்பொருள்?

பலருக்குத் தெரியாத உண்மை, நல்ல இலவச மென்பொருள் ஏற்கனவே விண்டோஸுக்குள் இருக்கிறது என்பதுதான். 1993-இல் வந்த எம்.எஸ்.டாஸ் 6-லேயே டிஃப்ராக் இருந்தது. சைமன்டெக் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று மைக்ரோசாப்ட் அதைச் சேர்த்தது. 2000-ஆம் ஆண்டில் ஊழியர் சேம நிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்க அனுமதி கிடைத்தபோது, நம் வீடுகளுக்குள் நுழைந்த கணினிகளில் விண்டோஸ் 98 பரவலாக இருந்தது. அதில் வண்ண வண்ணக் கட்டங்கள் நகர்வதைப் பிள்ளைகள் தொலைக்காட்சி பார்ப்பதைப் போல உட்கார்ந்து பார்ப்பார்கள். இடையில் ஏதாவது ஒரு நிரல் தட்டில் எழுதிவிட்டால் முதலிலிருந்து மறுபடியும் தொடங்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் டிஃப்ராக் முழுமையாக வேலை செய்யத் தட்டில் 15 விழுக்காடு காலியிடம் வேண்டும். அதை நாம்தான் நினைவு வைத்து ஓட்ட வேண்டும். விஸ்தாவில் நிலைமை மாறியது. வாரத்துக்கு ஒருமுறை தானாகவே ஓடும்படி அமைத்துவிட்டார்கள். விண்டோஸ் 7, 8, 10, 11 ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான். தட்டு எந்த வகை என்று பார்த்து, சுழலும் தட்டுக்குச் சிதறல் நீக்கமும் எஸ்.எஸ்.டி.க்கு டிரிம்மும் விண்டோஸே செய்துகொள்கிறது.

இதனால்தான் இன்று "டிஃப்ராக் செய்யவே இல்லை, அதனால் மெதுவாகிவிட்டது" என்று சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. ஒரு விதிவிலக்கு உண்டு. வேலை முடிந்ததும் கணினியை உடனே அணைத்துவிடும் வீடுகளில், தானாக ஓட வேண்டிய நேரமே அதற்குக் கிடைக்காமல் போகலாம். அந்தப் பட்டியலைப் பார்த்தால் கடைசியாக எப்போது ஓடியது என்று தெரிந்துவிடும். மாதக்கணக்கில் ஓடவில்லை என்றால், 'அனலைஸ்' அழுத்திப் பாருங்கள். சிதறல் 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் மட்டும் 'ஆப்டிமைஸ்' அழுத்தினால் போதும்.

வெளியில் கிடைப்பவை

அப்படியானால் வெளி மென்பொருளே வேண்டாமா? சில நேரங்களில் உதவும். ஆனால் ஒவ்வொன்றின் நிலையையும் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

'டிஃப்ராக்லர்' என்பது சி கிளீனரை உருவாக்கிய பிரிஃபார்ம் நிறுவனத்தின் மென்பொருள். ஒரே ஒரு கோப்பையோ கோப்புறையையோ தேர்ந்தெடுத்து, அதை மட்டும் சிதறல் நீக்க முடியும் என்பது இதன் சிறப்பு. பெரிய காணொளிக் கோப்புகளை வைத்துத் தொகுப்பு வேலை செய்பவர்களுக்கு இது வசதி.

'கான்டிக்' என்பது சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள சின்னஞ்சிறு கருவி. மார்க் ருசினோவிச் எழுதியது. 2006-இல் சிஸ்இன்டர்னல்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கிவிட்டதால், மைக்ரோசாப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. விளம்பரம் கிடையாது. ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றதல்ல.

2000களில் புகழ்பெற்றிருந்த 'ஜேகே டிஃப்ராக்', பின்பு 'மைடிஃப்ராக்' என்று பெயர் மாறியது. அதன் வளர்ச்சி நின்று பல காலமாகிறது. 'அல்ட்ரா டிஃப்ராக்' 7-ஆம் பதிப்பு வரை திறந்த மூல மென்பொருளாக இருந்து, அதன் பிறகு கட்டண மென்பொருளாக மாறியது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இவற்றைத் தேடிப் போனால், அதே பெயரில் வேறு யாரோ வைத்திருக்கும் தளத்தில் போய் விழக்கூடும்.

வேகக் கணக்கில் பார்த்தால், சாதாரண வீட்டுக் கணினியில் இவற்றுக்கும் விண்டோஸின் சொந்தக் கருவிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சில மென்பொருள்கள், "விண்டோஸ் விட்டுவைத்த சிதறலையும் கண்டுபிடித்தோம்" என்று பெருமையாகக் காட்டும். 64 மெகாபைட்டுக்கு மேல் பெரிதான துண்டுகளை விண்டோஸ் வேண்டுமென்றேதான் விட்டுவைக்கிறது. அவ்வளவு பெரிய துண்டைப் படிக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால், அடுத்த துண்டுக்குத் தாவும் 13 மில்லி வினாடி ஒரு பொருட்டே அல்ல.

'இலவசம்' நான்கு வகை

இலவசம் என்ற சொல்லுக்குள் நான்கு வகை ஒளிந்திருக்கிறது. உண்மையான இலவசம் ஒன்று. கூடவே வேறு மென்பொருள்களையும் ஏற்றிவிடும் இலவசம் இரண்டு. ஆராய்வது மட்டும் இலவசம், சரி செய்யக் கட்டணம் என்பது மூன்று. நான்காவதுதான் பயங்கரம், மென்பொருள் என்ற பெயரில் வரும் மோசடி.

2010 இறுதியிலும் 2011-லும் உலகமெங்கும் இந்த நான்காவது வகை பரவியது. 'சிஸ்டம் டிஃப்ராக்மென்டர்', 'வின் டிஃப்ராக்' என்று நம்பும்படியான பெயர்களில் வந்தது. கணினிக்குள் நுழைந்ததும், "உங்கள் வன்தட்டில் கடுமையான கோளாறு" என்று பொய் எச்சரிக்கைகளை அடுக்கும். பிந்திய வகைகள் ஒரு படி மேலே போய், கோப்புகளை எல்லாம் மறைத்து வைத்துவிட்டு, தட்டு கெட்டதால்தான் அவை காணாமல் போயின என்று நம்ப வைத்தன. பயந்துபோனவர்கள் கடன் அட்டை எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினார்கள். மைக்ரோசாப்ட் இந்தக் குடும்பத்துக்கு 'ஃபேக்சிஸ்டெஃப்' என்று பெயரிட்டது.

நல்ல பெயருள்ள மென்பொருளும் சில நேரம் சறுக்கும். 2017-இல் சி கிளீனரின் 5.33-ஆம் பதிப்புக்குள் ஊடுருவல்காரர்கள் தீய நிரலைப் புகுத்திவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்கிய ஏறக்குறைய 22 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் கணினிகளில் அது போய்ச் சேர்ந்தது. இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது: தேவையில்லாத மென்பொருள் ஒன்று குறைந்தால், ஆபத்தும் ஒன்று குறைகிறது.

வெளி மென்பொருள் வேண்டுமென்றே முடிவு செய்தால், தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவும்போது 'நெக்ஸ்ட்' பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாமல், ஏற்கனவே குறியிட்டு வைத்திருக்கும் பெட்டிகளைப் படித்து நீக்குங்கள். "2,000 கோளாறுகள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று அலறும் எதையும் நம்ப வேண்டாம். "உங்கள் கணினியில் பிரச்சினை இருக்கிறது" என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் துண்டித்துவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால், தாமதிக்காமல் உங்கள் வங்கிக்கும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். தேவையில்லாத பழைய காணொளிகளை வெளியே மாற்றுங்கள். காலியிடம் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். நிற்க இடமில்லாத மண்டபத்தில் யாரை எங்கே மாற்றி உட்கார வைப்பது?

மடிக்கணினியாக இருந்தால் மின் இணைப்பில் வைத்தே ஓட்டுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மின்னல் அதிகம். வானம் கறுத்துக்கொண்டு வரும் நேரத்தில் தொடங்காமல், இரவில் ஓடவிட்டுப் படுத்துக்கொள்வது நல்லது. பெரிய தட்டாக இருந்தால் சில மணி நேரம் பிடிக்கும். தினமும் செய்வதால் கூடுதல் பயன் எதுவுமில்லை.

அதன் பிறகும் மெதுவாக இருந்தால்?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். நினைவகம், அதாவது ரேம், எப்போதும் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், ரேம் போதவில்லை என்று பொருள். டிஃப்ராக் அதைத் தீர்க்காது. 'ஸ்டார்ட்அப்' பகுதியில் இருபது மென்பொருள்கள் வரிசை கட்டி நின்றால், வேண்டாதவற்றை நிறுத்தி வையுங்கள். இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒன்றாக ஓடினால் ஒன்றை நீக்குங்கள். காற்றோட்டத் துளையில் தூசு அடைத்துச் சூடேறினாலும் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இவை எதுவும் இல்லை, தட்டு மட்டும் எப்போதும் 100 விழுக்காட்டில் நிற்கிறது என்றால், உண்மையான தீர்வு சுழலும் தட்டை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதுதான். சிதறல் நீக்கம் சில வினாடிகளை மிச்சப்படுத்தலாம். எஸ்.எஸ்.டி. நிமிடங்களை மிச்சப்படுத்தும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் மோனோரயிலில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கினால் லோயாட் பிளாசா நடக்கும் தூரம். கிள்ளானிலிருந்து கொமியூட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து அதே மோனோரயிலைப் பிடிக்கலாம். ஒரே கடையில் முடிவெடுக்காமல் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். வேலை முடிந்ததும் பழைய தட்டைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் குடும்பத்தின் படங்களும் அடையாள அட்டை நகல்களும் இன்னும் இருக்கின்றன.

மாற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். ஏற்காது என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் பழைய கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள் வாழ்வு தரும். லினக்ஸ் கோப்பு முறையில் சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு டிஃப்ராக் தேவைப்படுவதே அரிது.

நோய் நாடி, அதன் காரணம் நாடி, பிறகுதான் மருந்து. மனிதருக்குச் சொன்னது கணினிக்கும் பொருந்துகிறது. இந்த வார இறுதியில் ஒரே ஒரு வேலை செய்வதென்றால், டிஃப்ராக் மென்பொருளைத் தேடுவதற்கு முன்பு வெளிப்புறத் தட்டு ஒன்றை எடுத்துக் குடும்பப் படங்களைப் படியெடுத்து வையுங்கள். மெதுவாக ஓடும் கணினியோடு காலம் தள்ளிவிடலாம். காணாமல் போன படங்களை எந்த இலவச மென்பொருளும் திருப்பித் தராது.